மலை தேய்த்த கிளட்ச்

எங்கள் சித்தூர்ப் பக்கத்தில் ரோட்டுக்கு ஒரு வண்டி, காட்டுக்கு ஒரு வண்டி என்று யாரும் வாங்கியதில்லை. புல்லட்டோ ராஜ்தூத்தோ, வீட்டுக்கு ஒன்று வந்துவிட்டால் அதுதான் கல்யாணத்துக்கும் போகும், கரும்புத் தோட்டத்துக்குள்ளும் இறங்கும், பால் கேனைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரை மேலும் ஓடும், புரட்டாசி சனிக்கிழமை திருமலைக்கும் ஏறும். இன்றைக்கு ‘ஆஃப் ரோடு பைக்’ என்று தனியாக விளம்பரம் போட்டு விற்கிறார்கள். விற்கட்டும். அந்தப் பெயர் இங்கே வந்து சேருவதற்கு வெகுகாலம் முன்பே அந்த ஓட்டம் இங்கே நடந்துகொண்டுதான் இருந்தது, அதற்கென்று செய்யாத வண்டிகளில். அதில் முதலில் பலியானது கிளட்ச். கிளட்ச் பலியானதால் பிழைத்தவர்கள் நாங்கள், மெக்கானிக்குகள்.

நான் 1970களின் கடைசியில் சித்தூர் காந்தி சிலைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மேஸ்திரியிடம் எடுபிடியாகச் சேர்ந்தவன். பிறகு திருப்பதியில் லீலா மஹால் பக்கம் சொந்தமாக ஒரு ஷெட் போட்டேன். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு. வண்டியைத் திட்டும்போது இரண்டும். சித்தூர் ஜில்லா 1911ல்தான் உண்டானது. வட ஆற்காட்டிலிருந்து சில தாலுகாக்கள், கடப்பையிலிருந்து சில. 1960ல் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போனது, நாங்கள் ஆந்திராவில் நின்றுவிட்டோம். கோடு எங்கே விழுந்தாலும் கிளட்ச் பிளேட் மெட்ராஸிலிருந்துதான் வந்தாக வேண்டும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதுசு கிடைக்கும், புதுப்பேட்டையில் பழசு கிடைக்கும். விடியற்காலை பஸ் பிடித்து, ராத்திரி ஒரு துணிப்பை நிறைய சாமானோடு மேஸ்திரி திரும்புவார். அவர் வரும்வரை பிரித்துப் போட்ட வண்டிகள் ஷெட்டுக்குள் அப்படியே கிடக்கும்.

இந்தத் தொழிலுக்கு இங்கே அடி போட்டது திருமலை ரோடு என்பது என் எண்ணம். அதுவரை மலைக்குப் போக நடைபாதையும் டோலியும்தான். விஸ்வேஸ்வரய்யாவின் யோசனையின்பேரில் போட்ட முதல் காட் ரோட்டை 1944 ஏப்ரலில் அன்றைய மதராஸ் கவர்னர் ஆர்தர் ஹோப் திறந்துவைத்தார். சுமார் 19 கிலோமீட்டர், 36 கொண்டை ஊசி வளைவுகள். மேலே கோயில் இருக்கும் இடம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர். முப்பது வருஷம் ஏறுகிற வண்டியும் இறங்குகிற வண்டியும் அந்த ஒரே ரோட்டில்தான் போய்வந்தன. 1974ல் இரண்டாவது ரோடு வந்தபிறகுதான் ஏற ஒன்று, இறங்க ஒன்று என்று பிரித்தார்கள். பழையது இறங்குவதற்கு ஆனது. ஆரம்பத்தில் திருமலைக் கோயில் தேவஸ்தானமே பஸ் ஓட்டியது. 1975ல் அது அரசுப் போக்குவரத்துக் கழகத்திடம் போனது.

பஸ்ஸுக்கு முன்னால் போகிற வரைக்கும் மோட்டார் சைக்கிளுக்குக் கஷ்டமில்லை. பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால்தான் வினை. வளைவில் பஸ் நின்று, திணறி, திரும்பும். பின்னால் மனைவி, நடுவில் பிள்ளை, டேங்க் மேல் இன்னொரு பிள்ளை, ஒரு மூட்டை. வண்டியை நிறுத்தினால் மறுபடி ஏற்றத்தில் எடுக்க வேண்டுமே என்று ஓட்டுகிறவர் பாதி கிளட்ச்சைப் பிடித்தபடி ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டே நிற்பார். உள்ளே பிளேட்டுகள் ஒன்றோடொன்று பிடிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் தேய்ந்து சூடேறும். அந்த வாசனை ஒன்று உண்டு. எரிந்த எண்ணெயும் கருகிய கார்க்கும் கலந்தது. மலையடிவாரத்து அலிபிரியில் இறங்கி நிற்கிற வண்டியின் பக்கத்தில் போனாலே, அவர் எந்த வளைவில் எவ்வளவு நேரம் நின்றார் என்று மேஸ்திரி மூக்காலேயே சொல்லிவிடுவார். பாதிக்குப் பாதி அளப்புதான், ஆனால் மீதிப் பாதி உண்மை.

கார்க் என்றேனே, அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யுத்தம் முடிந்தபிறகு ராணுவம் கழித்துவிட்ட பிரிட்டிஷ் வண்டிகள் டிஸ்போசலில் வந்தன. பிஎஸ்ஏ எம்20 மாதிரி கனமான வண்டிகள். அந்தக் காலத்துப் பல பிரிட்டிஷ் வண்டிகளில் கிளட்ச் பிளேட் என்றால் வட்டமாக ஓட்டை போட்ட இரும்புத் தகடு. ஓட்டைக்குள் கார்க் துண்டுகள். கார்க் எண்ணெயில் ஊறினாலும் பிடிக்கும், அதுதான் அதன் குணம். ஆனால் சூடு தாங்காது. தேய்ந்துபோனால் புது பிளேட்டுக்கு எங்கே போவது? இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். மருந்து பாட்டிலின் கார்க் மூடிகளைச் சேர்த்துவைப்பார்கள். என் மேஸ்திரி செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மூடிகளை வெந்நீரில் ஊறப்போடுவார். மெத்தென்று ஆனதும் ஒவ்வொன்றாக எடுத்து, கட்டைவிரலால் ஓட்டைக்குள் அழுத்தி, மரச்சுத்தியால் ஒரே ஒரு தட்டு. தகட்டின் இரண்டு பக்கமும் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்க வேண்டும். காய்ந்தபிறகு கூரான கத்தியால் மேல் பகுதியைச் சீவுவார். அப்புறம் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து, அதன்மேல் பிளேட்டை வைத்துச் சுற்றிச் சுற்றித் தேய்ப்பார். ஒரு கார்க் மற்றதைவிட உயரமாக நின்றாலும் கிளட்ச் உதறும். அதனால் கண்ணாடிமேல் வைத்து விளிம்பில் விரலால் அழுத்திப் பார்ப்பார். எந்த மூலையும் ஆடக் கூடாது. ஒரு பகல் முழுக்க அந்த வேலை. கூலி சொற்பம்.

இந்தக் கஷ்டத்திலிருந்துதான் எங்கள் ஊர் மெக்கானிக்கின் வழக்கம் பிறந்தது. புது பிளேட் கிடைக்காது, பழையதில் கார்க் போட்டுச் செய்தாலும் ஒரு நாள் ஆகும் என்றால், பிளேட்டில்தான் கோளாறு என்று நிச்சயமாகத் தெரியாமல் யாரும் கவரைத் திறக்க மாட்டார்கள். கையிலிருந்து தொடங்கி உள்ளே போ என்பதுதான் மேஸ்திரியின் பாடம். முதலில் லீவர். பிறகு வயர். பிறகு வயர் போய்ச் சேரும் இடத்தில் உள்ள ஸ்க்ரூ. பிறகு ராடு. பிறகு எண்ணெய். இதெல்லாம் சரி என்றால் ஸ்பிரிங். கடைசியில்தான் பிளேட். “டேய், கவரைத் திறக்கிறவன் மெக்கானிக் இல்லடா, திறக்காம அனுப்புறவன்தான் மெக்கானிக்” என்பார். பையன்கள் நாங்கள், “சரிங்க மேஸ்திரி” என்று சொல்லிவிட்டு ஸ்பானரை எடுப்போம். தலையில் ஒரு குட்டு விழும்.

மெட்ராஸில் என்ஃபீல்டு கம்பெனி 1955ல் வந்தது. திருவொற்றியூரில் புல்லட் செய்யத் தொடங்கியதும் நூற்றைம்பது கிலோமீட்டர் தூரத்தில் இருந்த எங்களுக்கு அது சொந்த ஊர் வண்டி ஆகிவிட்டது. புல்லட்டின் கிளட்ச் இடது பக்கம், செயின் கேஸுக்குள். அதைத் தள்ளுகிற ராடு வலது பக்கத்திலிருந்து கியர் பாக்ஸைக் குறுக்காகத் துளைத்துக்கொண்டு வரும். லீவரில் விளையாட்டு, அதாவது பிடிக்கும் முன் கொஞ்சம் சும்மா ஆடும் இடம், இல்லாமல் வயரை இறுக்கி வைத்தால் அந்த ராடு ஓய்வே இல்லாமல் அழுந்தியபடி சுழலும். அதன் முனை சூடேறி, நீலம் பாய்ந்து, இளகி, தேய்ந்து குட்டையாகும். குட்டையானதும் கிளட்ச் முழுசாக விடாது, கியர் நெரியும். உடனே சொந்தக்காரர் வயரை இன்னும் இறுக்குவார். அது இன்னும் தேயும். நூறு புல்லட்காரர்களில் முக்கால்வாசிப் பேர் இந்தச் சுழலில்தான் வருவார்கள் என்று மேஸ்திரி சொல்வார். எண்ணிச் சொன்னதில்லை, எரிச்சலில் சொன்னது.

மார்கழிக் காலையில் புல்லட் கியர் போட்டதும் எகிறிப் பாய்கிறது என்று வருகிறவர்களுக்கு மருந்தே வேண்டாம். ராத்திரியில் எண்ணெய் கெட்டியாகிப் பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்டார்ட் செய்யும் முன் கிளட்ச்சைப் பிடித்தபடி இரண்டு கிக். அவ்வளவுதான். இதற்குக் காசு வாங்குவதா என்று மேஸ்திரி டீ மட்டும் வாங்கிக்கொள்வார்.

ஜாவா வேறு ஜாதி. 1961ல் மைசூரில் அதைச் செய்யத் தொடங்கினார்கள். 1973லிருந்து எஸ்டி என்று பெயர் மாறியது. பெங்களூர் ரோடு வழியாகப் பலமநேர், மொகிலி காட் இறங்கி எங்களிடம் நிறைய வந்தன. கிக்கரும் கியர் லீவரும் அதில் ஒன்றுதான். காலால் கியரை அழுத்தினாலே கிளட்ச் தானாக விடும். கையால் பிடிக்காமலேயே கியர் மாற்றலாம். கல்லும் குழியுமான தோட்டத்துப் பாதையில் அது பெரிய வசதி. ஆனால் கியர் லீவரின்மேல் பூட்ஸ் காலை வைத்தபடியே ஓட்டுகிற பழக்கம் இருந்தால் கிளட்ச் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும், தேயும். மாங்காய் சீசனில் தோட்டம் தோட்டமாகச் சுற்றிய தரகர்களின் வண்டிகளில் இதைப் பார்த்திருக்கிறேன். ‘கிளட்ச் ஸ்லிப்’ என்று வருவார்கள். மேஸ்திரி வண்டியைத் தொடமாட்டார். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வரச் சொல்லி, அவர் காலை மட்டும் பார்ப்பார்.

யமஹா ஆர்எக்ஸ் 100 1985 நவம்பரில் வந்தது, 1996ல் நின்றது. அந்தப் பத்து வருஷத்து வண்டிகளில்தான் நான் கற்றதில் பெரும் பகுதி. 98 சிசி, 11 குதிரைசக்தி. அதை ஊர்ப் பையன்கள் ரேஸுக்கு வாங்கியதாகச் சினிமாவில் காட்டுவார்கள். இங்கே அதை அதிகம் வாட்டியவர்கள் பால்காரர்கள். சித்தூர் பால் பூமி. கூட்டுறவுப் பால் பண்ணை இருந்தது. 1992ல் ஹெரிட்டேஜ் பால் கம்பெனி வந்தது. தனியார் பலர் வந்தார்கள். 2002ல் கூட்டுறவுப் பண்ணையை மூடினார்கள், பால் நிற்கவில்லை. பக்கத்துக்கு ஒன்றாக நாற்பது லிட்டர் கேன். நிறைந்த கேன் இரண்டும் சேர்ந்தால் ஒரு கனத்த ஆளைவிட எடை. இருட்டோடு கிளம்பி, நீவா ஆற்று மணலைக் கடந்து, வரப்பு வழியாக ஊர் ஊராகப் போய், குளிரூட்டும் மையத்துக்கு நேரத்தோடு சேர்க்க வேண்டும். நேரம் தவறினால் பால் திரிந்துவிடும். மணலில் வண்டியை நிறுத்தினால் டயர் புதையும். அதனால் நிறுத்தாமல், பாதி கிளட்ச்சில், முதல் கியரில் இழுத்துக்கொண்டே கரையேறுவார்கள்.

அந்த வண்டிகளின் கிளட்ச் கோளாறு மூன்று விதமாகத்தான் வரும். வந்து நிற்கிறவர் சொல்கிற வார்த்தையிலேயே பாதி தெரிந்துவிடும். “அன்னா, கிளட்ச் பட்டடம் லேது” என்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். மேட்டில் டாப் கியரில் முறுக்கினால் இன்ஜின் கத்தும், வண்டி அப்படியே இருக்கும். நிறுத்தினால் நியூட்ரல் விழவில்லை, கிளட்ச்சைப் பிடித்தாலும் வண்டி ஊர்கிறது என்றால் விடவில்லை. மூன்றாவது உதறல். எடுக்கும்போது வண்டி தட்டித் தட்டிப் புறப்படும். பால் கேனின் மூடி டக்கடக்கென்று ஆடும் சத்தத்திலேயே தெரியும்.

உதறலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் இப்போது யாரும் பார்ப்பதில்லை. பிளேட்டின் வெளி விளிம்பில் காதுகள் இருக்கும். அவை பிளேட்டுகளைச் சுற்றி நிற்கும் கிளட்ச் பெல்லின் விரல்களுக்கு நடுவில் உட்கார்ந்து முன்னும் பின்னும் நகர வேண்டும். பாரம் ஏற்றி, ஆயிரம் தடவை பாதி கிளட்ச்சில் இழுத்த வண்டியில் அந்தக் காதுகள் விரலின் பக்கவாட்டில் மோதி மோதிப் பள்ளம் போட்டுவிடும். விளக்கின் கீழே பெல்லைச் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு விரலிலும் வரிசையாக அந்தப் பள்ளங்கள் தெரியும்; நகத்தை ஓட்டினால் ஒவ்வொன்றிலும் சிக்கும். பிளேட்டும் அப்படித்தான் சிக்குகிறது. எத்தனை புது பிளேட் போட்டாலும் உதறல் போகாது. சின்ன தட்டை அரத்தை எடுத்து, விரல் விரலாக, பள்ளம் மறையும்வரை நேராகத் தேய்க்க வேண்டும். கோணலாகத் தேய்த்தால் பெல் பாழ். ரொம்ப ஆழமாக இருந்தால் தேய்க்காமல் பெல்லையே மாற்ற வேண்டும். தேய்த்தபின் டீசலில் கழுவி, ஒரு பொட்டு இரும்புத்தூள்கூட இல்லாமல் துடைக்க வேண்டும். இரண்டு மணி நேர வேலை. நன்றாகச் செய்தால் அந்த வண்டி இன்னும் சில சீசன் ஓடும்.

சில தந்திரங்களும் இருந்தன. அவற்றைப் பெருமையாகச் சொல்ல மாட்டேன். ஸ்பிரிங் தளர்ந்தால் அடியில் ஒரு வாஷர் போடுவார்கள். பிடிக்கும், ஆனால் லீவர் கல்லாகிவிடும், வயர் சீக்கிரம் அறும். அறுந்த வயரைக் காட்டுப்பாதையில் மாற்ற முடியாது என்று விவரமான பால்காரர்கள் பழைய வயரோடு சேர்த்துப் புது வயர் ஒன்றையும் ஓட்டிக் கட்டிவைத்திருப்பார்கள். ஒன்று அறுந்தால் முனையை மாற்றி மாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். இது நல்ல யோசனை, இன்றும் மலைப்பாதைக்குப் போகிறவர்கள் செய்யலாம். செம்மண் தூசியும் ஆற்றுத் தண்ணீரும் வயருக்குள் போய்க் காய்ந்தால் உறைக்குள்ளேயே சிக்கும். லீவரை விட்டாலும் வயர் முழுசாகத் திரும்பாது. கிளட்ச் பாதி பிடித்த நிலையிலேயே ஓடி, பிளேட் எரியும். பிளேட்டை மாற்றுவார்கள். பத்து நாளில் மறுபடி எரியும். கோளாறு கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கும், பணம் இன்ஜினுக்குள் போகும்.

பிறகு நான்கு ஸ்ட்ரோக் காலம். 1985லேயே ஹீரோ ஹோண்டா சிடி100 வந்துவிட்டாலும், எங்கள் கிராமங்களை அது பிடித்தது 1994ல் ஸ்ப்ளெண்டர் வந்தபிறகுதான். பெட்ரோல் மிச்சம். மெக்கானிக்குகளுக்குத் தெரியாமல் ஒரு பெரிய மாற்றமும் கூடவே வந்தது. டூ ஸ்ட்ரோக்கில் கியர் பாக்ஸுக்கும் கிளட்ச்சுக்கும் தனி எண்ணெய். புல்லட்டில் கிளட்ச்சுக்கே தனி எண்ணெய். இதிலோ இன்ஜினுக்கும் கியருக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே எண்ணெய். கார் எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறதே, உயர்ந்த சரக்காயிற்றே என்று ஊற்றினவர்கள் பலர். காருக்கான சில எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் சரக்கு சேர்த்திருப்பார்கள். இன்ஜினுக்கு நல்லது, எண்ணெயில் முங்கி நிற்கும் கிளட்ச்சுக்கு எமன். உராய்வு இருந்தால்தானே அது பிடிக்கும்! இந்தச் சண்டை உலகம் முழுக்க இருந்திருக்கிறது. ஜப்பான்காரர்கள் 1998ல் மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கென்று ஒரு தரம் வகுத்தார்கள். டப்பாவின் பின்பக்கம் ‘ஜாசோ எம்ஏ’ என்று போட்டிருந்தால் அது கிளட்ச்சுக்கு ஆகும். அந்தச் சின்ன எழுத்தை எங்கள் தெருவில் படிக்க ஆரம்பித்தது அதற்கும் பல வருஷம் கழித்துத்தான். அதுவரை பிளேட் விற்றவர்களுக்கு நல்ல காலம்.

எண்ணெயைப் பார்க்கிற பழக்கம் இருந்தால் இன்னொன்றும் தெரியும். மழைக்காலத்தில் ஓடையைத் தாண்டின வண்டியில் எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அதை வடித்துப் புதுசு ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடி வடித்து ஊற்ற வேண்டும். அப்படியே விட்டால் பிளேட்டின் கார்க் பசை விட்டுப் பெயரும்.

இப்போது நிலவரம் தலைகீழ். 2011ல் இம்பல்ஸ் என்ற ஆஃப் ரோடு பைக் வந்து பெரிதாக ஓடாமல் போனது. 2016ல் ஹிமாலயன், 2019ல் எக்ஸ்பல்ஸ் 200 வந்தபிறகு சனி ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பிள்ளைகள் கூட்டமாக வருகிறார்கள். நாகலாபுரம் பக்கம், தலகோனா பக்கம், பாக்கராப்பேட்டை காட். பழைய சித்தூர் ஜில்லாவிலேயே, சத்தியவேடு மண்டலம் மாதனபாலத்தில் ஹீரோ கம்பெனி ஃபேக்டரிக்கு 2018ல் அடிக்கல் நாட்டினார்கள். தென்னிந்தியாவில் அவர்களுக்கு அதுதான் முதல் ஃபேக்டரி. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி ஜில்லா ஆனதால் அந்த இடம் இப்போது திருப்பதிக் கணக்கு. கார்க் மூடியை வெந்நீரில் ஊறப்போட்ட மண்ணில் வண்டியே செய்கிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான்.

வருத்தம் வேறு இடத்தில். பிளேட் செட் இன்று போன் செய்தால் மறுநாள் வீட்டுக்கு வருகிறது. அதனால் கோளாறு பார்க்கிற வேலையை விட்டுவிட்டோம். போன வருஷம் ஒரு சென்னைப் பிள்ளை, கிளட்ச் முழுசும் மாற்ற வேண்டும் என்று ஒரு சர்வீஸ் சென்டரில் எழுதிக்கொடுத்த சீட்டோடு என்னிடம் வந்தான். “தாத்தா, ஒருதடவை பாருங்க” என்றான். ஹேண்டிலை முழுசாக இடது பக்கம் திருப்பினேன், லீவர் இறுகியது. வலது பக்கம் திருப்பினேன், தளர்ந்தது. ஹேண்டிலை உயர்த்துகிற சாமான் ஒன்று புதிதாகப் போட்டிருந்தான். வயர் நீளம் போதாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. வழியை மாற்றி வயரை ஓட்டி, விளையாட்டு வைத்துக் கொடுத்தேன். சீட்டு அவன் பாக்கெட்டிலேயே இருந்தது.

மலைக்கோ காட்டோரப் பாதைக்கோ வண்டி எடுக்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கிளம்பும் முன் லீவரின் நுனியில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் விளையாட்டு இருக்கிறதா பாருங்கள். உங்கள் வண்டிக்குக் கம்பெனிப் புத்தகத்தில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதை வையுங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பியும் பாருங்கள். எண்ணெய் டப்பாவில் எம்ஏ எழுத்து இருக்கிறதா பார்த்து ஊற்றுங்கள். ஸ்லிப் ஆகிறது என்று தெரிந்தால் நின்றுவிடுங்கள், ஆறட்டும். முறுக்கி ஓட்டினால் இரும்புப் பிளேட் நீலம் பாய்ந்து வளைந்துவிடும். திருமலைக்கு ஏறக் குறைந்தது 28 நிமிஷம், இறங்க 40 நிமிஷம் என்று விதி வைத்திருக்கிறார்கள், அவசரப்பட ஒன்றுமில்லை. இறங்கும்போது கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு உருட்டாதீர்கள், கியரிலேயே இறங்குங்கள். எந்த மெக்கானிக்காவது லீவரைத் தொட்டுப் பார்க்காமல் பிளேட் மாற்றணும் என்று சொன்னால், வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.